கட்டடத்தின் மூச்சு

புதிதாக எழும்பிய கட்டடம் ஒன்றைக் காண்பவர் முதலில் அதன் முகப்பை நோக்குவர். தூண்களின் வரிசையையும், படிகளின் அகலத்தையும், கண்ணாடியின் பளபளப்பையும் புகழ்வர். இதனைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் யாவர் என்று வினவுவர். அது நிமிர்ந்து நிற்பதற்கு வேண்டிய கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் கணக்கிட்டவரையும் ஒருவாறு நினைவு கூர்வர். ஆனால் அக்கட்டடத்தினுள் நாள்தோறும் எட்டு மணி நேரம் அமர்ந்து உழைக்கப்போகும் மனிதர் எந்தக் காற்றை உட்கொள்வர், எவ்வளவு வெப்பத்தைத் தாங்குவர், அவர் விட்ட மூச்சு எவ்வழியே வெளியேறும் என்றெல்லாம் கணக்கிட்டவர் ஒருவர் உண்டு என்பதைப் பெரும்பாலோர் அறியார். மெக்கானிக்கல் எஞ்சினீயர் என்று வழக்கில் கூறப்படும் இயந்திரப் பொறியாளரே அவர். அவருடைய வேலை கூரைக்கடியில் தொங்கும் பலகைகளுக்கு மேலும், நிலவறையிலும், மொட்டைமாடியின் மூலையிலும் மறைந்து கிடக்கிறது. அவ்வேலை செவ்வனே நடக்கும்வரை அவரை எவரும் நினைப்பதில்லை. அது தவறும்போதும் அவரை நினையாமல், தலைவலிக்கு மாத்திரை தேடுவதே நம் வழக்கமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்துறையில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கலைப் பட்டம் பெற்ற நாம் பொறியியலைக் கற்றவரல்லேம். ஒரு சொல்லைத் தேடிப் போய் இத்துறையின் வாயிலில் நின்றோம் என்பதே உண்மை.

2022ஆம் ஆண்டில், கட்டடங்களின் சுகாதாரம் பற்றிய ஆங்கில ஏடு ஒன்று தமிழாக்கத்துக்காக நம் மேசைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'வென்டிலேஷன்' என்னும் சொல் பயின்று வந்தது. நாம் சற்றும் தயங்காமல் 'காற்றோட்டம்' என்று எழுதிச் சென்றோம். படியைச் சரிபார்ப்பதற்காக, தில்லியில் குடியேறிய தமிழரும் ஓய்வு பெற்ற பொறியாளருமான பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றோம். அவர் முதல் பக்கத்திலேயே பென்சிலை ஊன்றினார்.

"தம்பி, இந்த அறையில் மின்விசிறி சுழல்கிறது. கதவும் சன்னலும் மூடியிருக்கின்றன. இங்கே காற்றோட்டம் உண்டா, இல்லையா?" என்று கேட்டார்.

"உண்டு, ஐயா. மேசைமேல் உள்ள தாள் பறக்கிறதே" என்றோம்.

"தாள் பறக்கிறது, ஆனால் புதிய காற்று ஒரு துளியேனும் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்த காற்றே சுற்றிச் சுற்றி வருகிறது. நீங்கள் எழுதியிருக்கும் சொல்லைப் படிக்கிற ஒருவர், விசிறியை ஓடவிட்டால் போதும் என்று எண்ணிக்கொள்வார். இந்த ஏடு எதைச் சொல்வதற்காக எழுதப்பட்டதோ, அதையே உங்கள் சொல் மறைத்துவிடுகிறது" என்றார் அவர்.

இருபது ஆண்டுகளாக நாம் எழுதிவந்த சொல் அது. அகராதியும் அதையே தருகிறது. எனினும் அவர் கூறியது முற்றிலும் சரி என்பதை உணர்ந்தோம். காற்று ஓடுவது வேறு. காற்று மாறுவது வேறு. பழந்தமிழில் சன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வந்து போகும் வழி என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் சன்னலைக் குறிக்கும் சொல்லின் பழைய வேரும் 'காற்றின் கண்' என்றே பொருள்படுமாம். இரு மொழியினரும் சன்னலைக் காற்றின் பொருட்டே வைத்தனர் என்பது இதனால் விளங்கும். அந்த வழியை அடைத்துக் கண்ணாடி பொருத்திய காலம் நம்முடையது. அடைத்த வழிக்கு மாற்றாக வேறு வழி அமைப்பதே இயந்திரப் பொறியாளரின் முதற் கடமை ஆயிற்று.

அவருடைய கணக்கு மனித உடலிலிருந்து தொடங்குகிறது. சும்மா உட்கார்ந்து எழுதும் ஒருவருடைய உடல், ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அஃதாவது, பழைய 100 வாட் பல்பு ஒன்று எரிவதற்கு அது நிகர். 40 பேர் அமர்ந்த கூடத்தில் 40 பல்புகள் ஓயாமல் எரிகின்றன என்று கொள்ளலாம். அதனுடன் வியர்வையாலும் மூச்சாலும் ஈரம் சேர்கிறது. மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமிலவாயுவையும் ஒவ்வொருவரும் வெளியிடுகிறார்.

இந்தக் கரியமிலவாயுவை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று முதலில் காட்டியவர், ஜெர்மனியில் மூனிக் நகரில் சுகாதாரவியலை வளர்த்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்பவர். 1858ஆம் ஆண்டில் அவர் ஒரு வரம்பை வகுத்தார். அறைக் காற்றில் 10 லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் இவ்வாயு இருக்குமாயின், அவ்வறையின் காற்று மனிதர் வாழ்வதற்கு ஏற்றதன்று என்பது அவர் கூற்று. இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அந்த அளவில் இவ்வாயு நஞ்சாவதில்லை. பிறர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு உட்கொள்கிறோம் என்பதைக் காட்டும் அடையாளமாகவே அது பயன்படுகிறது. பாலின் தன்மையை லாக்டோமீட்டர் காட்டுவதைப் போன்றது அது.

வெளிக்காற்றில் இன்று 10 லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு கரியமிலவாயு இருக்கிறது. ஒருவருக்கு விநாடிக்கு 10 லிட்டர், அதாவது மணிக்கு 36 கன மீட்டர், புதுக்காற்று அளித்தால் அறையினுள் அது ஏறத்தாழ 920 பங்கு அளவில் நிலைபெறும். பெட்டன்கோஃபர் வகுத்த வரம்புக்கு அது சற்றே கீழ். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், வீடு அல்லாத கட்டடங்களுக்கு ஒருவருக்கு விநாடிக்கு 10 லிட்டர் என்றே கூறுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வகுத்த வரம்பும், தொற்றுநோயின் நடுவே வகுத்த வரம்பும் ஒன்றையொன்று தழுவி நிற்பது எண்ணத்தக்கது.

அப்படியானால் இடையில் நாம் எங்ஙனம் வழி தவறினோம்? அதற்கு விடை காண இயந்திரக் குளிர்ச்சியின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

1902ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்று பெருந்தொல்லைக்கு உள்ளாயிற்று. கோடைக்காலத்து ஈரத்தில் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வந்தமையால், ஒரு வண்ணத்தின்மேல் மற்றொரு வண்ணம் சரியாகப் பொருந்தவில்லை. அதனைத் தீர்ப்பதற்கு வில்லிஸ் கேரியர் என்னும் 25 வயது இளைஞர், குளிர்ந்த குழாய்ச் சுருள்களின்மேல் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வரைந்தார். இன்றைய குளிர்சாதன முறைக்கு அதுவே தொடக்கம் என்பர். அது காகிதத்தின் நலத்துக்காகப் பிறந்தது என்பதை நம்மைப் போன்ற எழுத்துத் தொழிலாளர் நினைவில் கொள்ளுதல் தகும். மனிதரின் நலம் பிற்பாடே அதில் வந்து சேர்ந்தது.

பின்னர் அக்குளிர்ச்சி திரையரங்குகளுக்கும், கடைகளுக்கும், அலுவலகங்களுக்கும் பரவிற்று. குளிர்ந்த காற்று வீணாகாதிருக்கச் சன்னல்கள் மூடப்பட்டன. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியபோது, எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காகப் புதுக்காற்றின் அளவையும் குறைத்தனர். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 1981ஆம் ஆண்டு விதி, புகை பிடிக்காத அலுவலகங்களில் ஒருவருக்கு நிமிஷத்துக்கு 5 கன அடி காற்றே போதும் என்று கூறிற்று. தலைவலி, கண் எரிச்சல், களைப்பு என்று அடைபட்ட கட்டடங்களில் முறையீடுகள் பெருகின. நோயுற்ற கட்டடம் என்னும் தொடரே வழக்கில் வந்துவிட்டது. 1989ஆம் ஆண்டில் அதே சங்கம் அந்த அளவை மும்மடங்காக உயர்த்தி, 15 கன அடிக்குக் குறையக் கூடாது என்று விதித்தது. சிக்கனம் எங்கே கூடாது என்பதை உலகம் அறிந்துகொள்ள எட்டு ஆண்டுகள் ஆயின.

அதனினும் கொடிய பாடம் ஒன்று 1976ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியா நகரில் நேர்ந்தது. முன்னாள் படைவீரர் மாநாட்டுக்காக ஓட்டல் ஒன்றில் கூடியவர்களுள் பலர் இனம் தெரியாத நுரையீரல் நோயால் வீழ்ந்தனர். 30க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் அது பெருகும். குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து எழும் நீர்த்துளிகளோடு பரவும். இதன்பின், குழாயில் நீர் தேங்கும் மூலை இராதபடி வரைவதும், கோபுர நீரைத் தூய்மையாக வைப்பதும் பொறியாளரின் கடமைகளுள் சேர்ந்தன. குழாயில் ஒரு வளைவைத் தவறாக வரைதலும் உயிரைக் கொள்ளக்கூடும் என்பதே இதில் அடங்கிய பாடம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தில்லி நகரத்தை எடுத்துக்கொண்டால், பொறியாளருக்கு அதனினும் கடினமான தேர்வுக்கூடம் வேறில்லை எனலாம். ஜூன் மாதத்தில் 44 பாகை வெப்பம், அனல் காற்று. அப்போது வைக்கோல் மெத்தையில் நீர் ஒழுகும் கூலர்ப் பெட்டி நன்கு வேலை செய்கிறது. வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்து வாயிலில் தொங்கவிட்ட பழைய முறையும் அதே தத்துவத்தைப் பற்றியதே. வறண்ட காற்று நீரை ஆவியாக்கும்போது தன் வெப்பத்தை இழக்கிறது. ஆனால் ஜூலையில் மழை தொடங்கி, காற்றில் ஈரம் நிறைந்தவுடன் அதே பெட்டி புழுக்கத்தையே பெருக்குகிறது. நவம்பரில் வேறொரு துன்பம். புகை மூட்டம் நகரைக் கவிகின்றது. சன்னலைத் திறந்தால் புகை. மூடினால் நம் மூச்சே நமக்குப் பகை. இவ்விரண்டுக்கும் இடையில் வழி காண்பதே இங்குள்ள பொறியாளரின் பணி.

அப்பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "நல்ல வைத்தியர் மருந்து எழுதுமுன் பத்தியம் சொல்வார். நாங்களும் அப்படித்தான். இயந்திரம் என்பது மருந்து, நிழல்தான் பத்தியம்" என்றார் அவர்.

அவர் விளக்கிய வரிசை எளிமையானது. முதலில் வெப்பம் உள்ளே நுழையாமல் தடுத்தல் வேண்டும். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடியை வைத்துவிட்டுப் பிறகு குளிர்சாதனம் தேடுவது, ஓட்டைக் குடத்துக்கு ஓயாமல் நீர் இறைப்பதை ஒக்கும். சன்னலுக்கு மேல் நிழற்பலகை, கூரைக்கு வெள்ளைப் பூச்சு, சுவருக்குள் வெப்பந்தடுக்கும் அடுக்கு ஆகியவை பத்தியம். ராஜஸ்தானத்துக் கல் சல்லடைகளும், நம் ஊர் வீடுகளின் முற்றமும் தாழ்வாரமும் இந்தப் பத்தியத்தை அறிந்தவர்கள் செய்தவையே. இரண்டாவதாக, மின்விசிறி. காற்று உடலைத் தழுவுமாயின், இரண்டு மூன்று பாகை கூடுதலான வெப்பமும் இதமாகவே தோன்றும். அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை, தில்லி உள்ளிட்ட ஐந்து நகரங்களில் அலுவலகப் பணியாளரிடையே நிகழ்த்திய ஆராய்ச்சியில், நம் நாட்டவர் மேலைநாட்டு விதிகள் கருதியதினும் கூடுதலான வெப்பத்திலும் இதமாக வேலை செய்கின்றனர் என்று கண்டனர். கோடையில் கம்பளிச் சட்டை அணிந்து நடுங்கும்படி ஓர் அலுவலகத்தைக் குளிர்விப்பது நாகரிகமன்று, அறியாமையே. இவையெல்லாம் செய்த பிறகு எஞ்சும் வெப்பத்துக்கே இயந்திரம் வேண்டும்.

இயந்திரத்தின் அளவை 'டன்' என்று கூறுகின்றனர். இச்சொல்லின் வரலாறு சுவையானது. ஏறத்தாழ 900 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன். அது சுமார் 3½ கிலோவாட். ஒரு காலத்தில் குளிர்ச்சி என்பதே கப்பலில் வந்த பனிக்கட்டியாக இருந்தது. 1833ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரிலிருந்து கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி வந்திறங்கியது. சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டில் அதற்கென எழுந்த ஐஸ் ஹவுஸ், பின்னர் 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இல்லமாகி, இன்று அவர் பெயரால் விளங்குகிறது. பனிக்கட்டி வாணிகம் மறைந்தும், அதன் எடை மட்டும் கடைக்காரர் வாயில் நிலைத்துவிட்டது.

அந்த அளவையால் ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 பேர் உள்ள கூடத்தில் அவர்களுடைய உடல் வெப்பத்தை மட்டும் நீக்க ஒரு டன்னுக்குச் சற்று மேல் வேண்டும். வெளியே 44 பாகை உள்ள வறண்ட நாளில், அவர்களுக்கு வேண்டிய புதுக்காற்றை 25 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 2½ டன் வேண்டும். ஆகவே, மின்கட்டணத்தைக் கண்டு அஞ்சும் நிர்வாகி முதலில் கை வைப்பது புதுக்காற்றின்மேல்தான். இந்த இடத்தில்தான் பொறியாளரின் நுண்ணறிவு வேண்டப்படுகிறது. வெளியே தள்ளப்படும் பழைய காற்று குளிர்ந்தது. உள்ளே வரும் புதிய காற்று சூடானது. இரண்டும் அடுத்தடுத்த பாதைகளில் செல்லும்படி செய்து, நடுவே நுண்ணிய துளைகள் நிறைந்த சக்கரம் ஒன்றை மெல்லச் சுழலவிடுகின்றனர். அது ஒன்றன் குளிர்ச்சியை வாங்கி மற்றொன்றுக்கு அளிக்கிறது. அச்சக்கரம் வெப்ப வேறுபாட்டில் நூற்றுக்கு 70 பங்கை மீட்குமாயின், 44 பாகையில் நுழைந்த காற்று 31 பாகையில் இயந்திரத்தை அடைகிறது. 2½ டன் வேண்டிய இடத்தில் முக்கால் டன் போதும். காற்றும் மிச்சமாகிறது, காசும் மிச்சமாகிறது. அக்காற்றைச் செறிவான வடிகட்டியில் செலுத்தினால் நவம்பர்ப் புகையின் துகள்களும் பெரும்பாலும் தங்கிவிடும். வெளிச்செல்வதைவிட உள்வருவது சற்றே மிகும்படி செய்தால், கதவிடுக்கு வழியாகப் புகை நுழைவதும் நிற்கும்.

நலமும் சிக்கனமும் பகைவர்கள் என்று எண்ணியிருந்தோம். அவ்விரண்டையும் ஒரே வண்டியில் பூட்டுவதே இத்தொழிலின் அறம் என்பதை அன்று அறிந்தோம். இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. காற்றை உந்தும் விசிறியின் வேகத்தை நூற்றுக்கு 80 ஆகக் குறைத்தால், அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆட்கள் குறைந்த வேளையில் விசிறியை மெல்லச் சுழலவிடும் ஒரு சிறு கருவியே இவ்வளவு மிச்சம் தரும். வெறும் சொற்களோடு பழகிய நமக்கு இக்கணக்கு ஒரு மாயம் போலவே தோன்றிற்று.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. ஹைதராபாத்துக்கு அருகே போச்சாரத்தில் 2011ஆம் ஆண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தார் ஒரு கட்டடத்தில் அரிய சோதனையை நடத்தினர். கட்டடத்தின் ஒத்த இரு பாதிகளில் ஒன்றுக்கு வழக்கமான முறையில் குளிர்காற்றைச் செலுத்தினர். மற்றொரு பாதியில், தளத்துக்குள் புதைத்த குழாய்களில் குளிர்நீரை ஓடவிட்டுத் தளத்தையே குளிரச் செய்தனர். புதுக்காற்றை மட்டும் தனியே அனுப்பினர். ஒரே கொள்ளளவில், காற்றைவிட நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கவல்லது. ஆதலின் பெரிய காற்றுக் குழல்கள் செய்யும் வேலையைக் கைவிரல் பருமனுள்ள குழாய்கள் செய்தன. தளத்தில் பனி போல் நீர் அரும்பாதபடி, புதுக்காற்றின் ஈரத்தை முன்னரே நீக்கிவிட்டனர். இரண்டு ஆண்டுகள் அளந்து பார்த்ததில், நீர் ஓடிய பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தையே செலவிட்டது. கட்டும்போது ஆன செலவும் கூடவில்லை. வாதத்தால் தீராத வழக்கை அளவையால் தீர்த்த அப்பொறியாளர்களின் நேர்மை பாராட்டத்தக்கது.

தில்லியிலேயே ஜோர் பாக் பகுதியில், 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்திரா பரியாவரண் பவன் மற்றொரு சான்று. நடுவில் முற்றம், கூரை முழுவதும் 930 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள், கழிவு வெப்பத்தை மண்ணுக்குள் இறக்குவதற்கு ஆழ்துளைகள். ஓராண்டில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்னும் குறிக்கோளோடு மத்தியப் பொதுப்பணித் துறையினர் அதனை எழுப்பினர்.

சட்டமும் இதற்குத் துணை வந்திருக்கிறது. 2001ஆம் ஆண்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2007இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் விதித் தொகுப்பு வெளிவந்தது. 2017இல் அது திருத்தப்பட்டது. 2019இல் நாடு தழுவிய குளிர்ச்சித் திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. 2020 ஜனவரி முதல், விற்பனைக்கு வரும் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்றும் விதித்தனர். ஒரு பாகை உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது அதற்குரிய துறையின் கணக்கு. விதிகள் வந்துவிட்டன. அவற்றை உயிர்ப்பிப்பது, வடிகட்டியைக் கழுவும் தொழிலாளியிலிருந்து கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி வரை உள்ள அனைவரின் கையிலும் இருக்கிறது.

இதைக் கூறும்போது நம் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைத்தல் முறையன்று.

நாம் முன்னர்ப் பணியாற்றிய கூடத்தில் 40 பேர் அமர்ந்திருந்தோம். பழைய தாழ்வாரத்தை அடைத்துச் செய்த கூடம் அது. சன்னல்களுக்குக் கண்ணாடி பதித்து மூடியிருந்தனர். பிற்பகல் மூன்று மணிக்குமேல் கண் சொருகும். ஒரே வாக்கியத்தை மூன்று முறை படிக்க நேரும். நம் படிகளில் பிழைகள் மலிவது அவ்வேளையில்தான். உண்ட மயக்கம் என்று அதற்குப் பெயர் சூட்டி நம்மை நாமே கடிந்துகொண்டோம். மெய்ப்புப் பார்க்கும் மூத்த நண்பர் ஒருவர் நம் மேசையை அடுத்து அமர்ந்திருந்தார். ஒற்றுப் பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. 2021ஆம் ஆண்டு சித்திரையில் கூடத்தில் பதினொருவருக்கு நோய் கண்டது. பத்துப் பேர் திரும்பி வந்தனர், அவர் வரவில்லை. அவருடைய சிவப்புப் பேனா மூடி கழற்றியபடியே சில நாள் மேசைமேல் கிடந்தது.

பொறியாளரோடு பழகிய பின் அவரை ஒருநாள் அக்கூடத்துக்கு அழைத்து வந்தோம். கைக்கு அடங்கும் சிறு கருவியை நம் மேசைமேல் வைத்தார். பிற்பகல் நான்கு மணிக்கு அது 2,400 என்று காட்டிற்று. அவர் ஒரு தாளில் கணக்கிட்டார். ஒருவருக்கு மணிக்கு 36 கன மீட்டர் வேண்டிய இடத்தில் 9 கன மீட்டரே வந்துகொண்டிருந்தது. ஒருவருக்குரிய புதுக்காற்றை நால்வர் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். பின்னர் அவர் ஏணி கேட்டு மேலே ஏறினார். புதுக்காற்று வரும் வாயை ஒரு பலகை அடைத்திருந்தது. மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக ஒரு கோடையில் யாரோ வைத்தது. எடுப்பதற்கு எவரும் நினைவு கொள்ளவில்லை.

நாம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டோம்: "ஐயா, இது திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதை எந்தக் கருவியும் இனிச் சொல்லாது, தம்பி. நோய் எங்கிருந்து வந்தது என்று யாரால் கூற முடியும்? அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவருக்கு என்ன செய்யலாம் என்பதை மட்டும் இது சொல்லும்" என்றார்.

பலகை எடுக்கப்பட்டது. வடிகட்டி மாற்றப்பட்டது. ஓராண்டுக்குப் பின் சக்கரமும் வந்து சேர்ந்தது. கருவி இப்போது பிற்பகலில் 950ஐ ஒட்டி நிற்கிறது. நம் பிழைகள் குறைந்தனவா என்று எண்ணிக் கணக்கெடுத்தோம் அல்லோம். ஆயினும் மூன்று மணிக்குத் தேநீர்க் கடைக்கு ஓடுவோரின் தொகை குறைந்திருப்பதைக் கண்ணால் காண்கிறோம். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 24 பேரை ஆறு நாள் வெவ்வேறு காற்றில் வேலை செய்யவிட்டுச் சோதித்தபோது, தூய காற்று மிகுந்த நாட்களில் அவர்களுடைய சிந்தனைத் திறன் தேர்வில் ஏறத்தாழ இரட்டிப்பு மதிப்பெண் கிடைத்தது. 24 பேர் என்பது சிறு தொகைதான். அதை வைத்து உலகுக்கே தீர்ப்பு எழுத இயலாது. ஆனால் அலுவலகம் ஒன்று தன் பணியாளருக்குக் கொடுக்கும் ஊதியத்தோடு ஒப்பிட்டால், அவர்கள் உட்கொள்ளும் காற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது என்பதை எந்தக் கணக்கரும் ஒப்புவர்.

நேயர்களே, சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு முதுமொழி. உடலைச் சுவராகவும் வினையைச் சித்திரமாகவும் கொண்டு முன்னோர் அதனைக் கூறினர். அந்த உடலைச் சூழ்ந்து நிற்கும் மற்றொரு சுவரும் உண்டு. பள்ளிக்கூடத்தில், மருத்துவமனையில், அலுவலகத்தில், வீட்டில், நம் வாழ்நாளின் பெரும்பகுதியை அச்சுவருக்குள்ளேயே கழிக்கிறோம். குழந்தையைப் புதிய பள்ளியில் சேர்க்கும் தந்தையர், கட்டணம் எவ்வளவு, ஆசிரியர் யார் என்று கேட்கின்றனர். வகுப்பறையின் காற்று எவ்வழியே வருகிறது என்றும் ஒரு சொல் கேட்டால் குற்றமில்லை. அடைத்த அறையில் மின்விசிறி சுழல்கிறது என்று விடை வருமாயின், அந்த விடையோடு நின்றுவிடாமல் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பலகை இருக்கக்கூடும்.

நாம் திருத்திய படியில், 'காற்றோட்டம்' என்று இருந்த இடமெல்லாம் 'புதுக்காற்று மாற்றம்' என்று எழுதினோம். செவிக்குச் சற்று நீளமான தொடர்தான். அந்த மூத்த நண்பர் இருந்திருந்தால், சுருக்குங்கள் என்று சிவப்புக் கோடு இட்டிருப்பார். பொருளைச் சொன்னால் கோட்டை அடித்திருப்பார் என்றே நம்புகிறோம்.